ஏழு தலைமுறைக் காத்திருப்பு

துன்ப வேளையில் இறைவனை நம்பச் சொல்வது எளிது. கேட்பவர் ஆறுதல் அடைவதும் ஓரளவு எளிதே. ஆனால் அத்துன்பம் ஒரு திங்களில் தீராமல் ஓராண்டாக நீண்டு, ஓராண்டு பத்தாண்டாகி, செபத்துக்கு மறுமொழியே வாராத நிலையில் நாம் என்ன செய்வது? நம்பிக்கை வாழ்வின் கடினமான கேள்வி இதுவே. இதற்கு விடை தேடுவோர் ஜப்பான் நாட்டுத் திருச்சபையின் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பது நலம். அங்கே நாகசாகியைச் சூழ்ந்த சிற்றூர்களில் எளிய உழவரும் மீனவரும் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தார்கள்.

அந்நாட்டில் நற்செய்தி விதையை ஊன்றியவர் நமக்கு அந்நியர் அல்லர். 1542 முதல் நம் முத்துக்குளித்துறை மக்களிடையே உழைத்த புனித சவேரியாரே, 1549 ஆகஸ்டு 15 அன்று, அன்னையின் விண்ணேற்புத் திருநாளில், ககோஷிமாவில் கரை இறங்கினார். விதை விரைந்து வளர்ந்தது. அரசியல் காற்றும் விரைந்து திசை மாறியது. 1587இல் மறைபணியாளர் வெளியேற வேண்டும் என்ற ஆணை பிறந்தது. 1597 பெப்ருவரி 5 அன்று நாகசாகிக் குன்றில் 26 பேர் சிலுவையில் அறையப்பட்டனர். அவர்களுள் ஒருவர் நம் நாட்டு வசையில் பிறந்த புனித கொன்சாலோ கார்சியா. 1614இல் தொக்குகாவா அரசு கிறிஸ்தவ மறையை நாடெங்கும் தடை செய்தது. 1644இல் கொனிஷி மான்ஷோ என்னும் ஜப்பானியக் குருவும் மறைசாட்சியாக மரித்த பின், மறைந்து வாழ்ந்த மக்களுக்குப் பணியாற்றக் குரு ஒருவரும் எஞ்சவில்லை.

அம்மக்களின் நிலையைச் சற்றே எண்ணிப் பார்ப்போம். திருப்பலி இல்லை, நற்கருணை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, கோயில் இல்லை. ஒவ்வொரு குடும்பமும் புத்த ஆலயம் ஒன்றில் பெயரைப் பதிவு செய்தாக வேண்டும். அடக்கச் சடங்கும் அந்த ஆலயத்தின் துறவியைக் கொண்டே நடக்க வேண்டும். நாகசாகிப் பகுதியில் ஆண்டுதோறும் ஊரார் அனைவரும் வரிசையில் வந்து, இயேசுவின் அல்லது அன்னை மரியாவின் உருவம் பொறித்த தகட்டைக் காலால் மிதித்துக் காட்ட வேண்டும். மறுத்தவருக்குச் சிறையும் வதையும் காத்திருந்தன.

இத்தகைய நிலையில் விசுவாசம் ஒரே தலைமுறையில் அணைந்து போயிருக்க வேண்டும். ஏன் அணையவில்லை? பெரும் வீரச் செயல்களால் மட்டும் என்று கூறிவிட முடியாது. சின்னஞ்சிறு கடமைகளை அவர்கள் தமக்குள் பகிர்ந்துகொண்டார்கள். உராகாமி என்னும் ஊரில் மூவகைப் பொறுப்பாளர்கள் இருந்தனர். ஒருவர் திருவழிபாட்டு நாள்காட்டியைக் காப்பவர். ஆண்டுதோறும் திருநாள்களையும் ஒறுத்தல் நாள்களையும் கணக்கிடுபவர். மற்றொருவர் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிப்பவர். மூன்றாமவர் வீடு வீடாகச் சென்று, இந்நாள் திருநாள், இந்நாள் ஒறுத்தல் நாள் என்று செய்தி சொல்பவர். நம் ஊர்களில் குருக்கள் அருகியிருந்த காலங்களில் உபதேசியார்கள் ஆற்றிய தொண்டை அறிந்த நமக்கு, இவர்களுடைய தொண்டின் அருமை எளிதில் விளங்கும். தந்தையிடமிருந்து மகனுக்கு, பாட்டியிடமிருந்து பேத்திக்கு என்று செபங்கள் வாய்வழியே இறங்கி வந்தன. இலத்தீன், போர்த்துக்கீசியச் சொற்கள் உருமாறிப் பொருள் மங்கிய போதும் செபம் நிற்கவில்லை.

ஆனால் ஓர் உண்மையை நாம் மறைக்கலாகாது. திருவுருவத்தை மிதிக்க மறுத்து உயிர் நீத்தவர்கள் உண்டு. ஆயினும் தலைமுறை தலைமுறையாக விசுவாசத்தைக் காத்துத் தந்தவர்கள், பெரும்பாலும், ஆண்டுதோறும் அதை மிதித்தவர்களே. மிதித்தது சரி என்று அவர்கள் சாதிக்கவில்லை. மன்னிப்பே இல்லை என்று மனமுடைந்து போகவும் இல்லை. வீடு திரும்பி, முழந்தாளிட்டு, மனம் வருந்தி மன்றாடினார்கள். பாவசங்கீர்த்தனம் கேட்கக் குரு இல்லாத நிலையிலும், இறைவன்பால் கொண்ட அன்பினால் எழும் மெய்யான மனஸ்தாபம் மன்னிப்பைப் பெற்றுத் தரும் என்று கற்பிக்கும் சிறு நூல் ஒன்று, குருக்கள் இருந்த காலத்திலேயே, 1603இல் வெளிவந்திருந்தது. அதைக் கையால் படியெடுத்து மறைத்துக் காத்தார்கள். நாம் சிறு வயதில் கற்று, பின்பு விரைவாக ஒப்பித்துவிடும் உத்தம மனஸ்தாப மந்திரம் நம் நினைவுக்கு வருகிறது. நமக்கு அது பல செபங்களுள் ஒன்று. அவர்களுக்கோ மறுநாள் எழுந்து நடக்க உதவிய ஊன்றுகோல்.

அவர்களிடையே ஒரு மரபுரை வழங்கி வந்தது. ஏழு தலைமுறை கடந்த பின் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருக்கள் பெரிய கப்பலில் வருவார்கள். அப்போது பாடல்களை உரக்கப் பாடி நடக்கலாம் என்பதே அது. பஸ்தியான் என்னும் உபதேசியார் சொல்லிச் சென்றதாக அதைப் போற்றினார்கள். ஏழு தலைமுறை என்றால், சொன்னவரும் காணப் போவதில்லை. கேட்டவரும் காணப் போவதில்லை. தாம் காணாத நாளுக்காக அவர்கள் தம் பிள்ளைகளுக்குச் செபம் கற்றுக் கொடுத்தார்கள்.

அந்த நாள் வந்தது. நாகசாகியில் அயல்நாட்டவருக்காக ஔரா என்னும் இடத்தில் எழுப்பிய கோயிலுக்கு, 1865 மார்ச்சு 17 அன்று, உராகாமியிலிருந்து ஏறத்தாழப் பதினைந்து பேர் வந்தனர். அங்கிருந்த பெத்தித்ஜான் அடிகளார், புதுச்சேரியில் 1776 முதல் உழைத்து வந்த அதே பாரிஸ் வெளிநாட்டு மறைபரப்புச் சபையைச் சேர்ந்தவர். பெண் ஒருவர் அவரை அணுகி, எங்கள் எல்லோருடைய உள்ளமும் உங்கள் உள்ளமும் ஒன்றே என்னும் கருத்தில் மெல்லக் கூறினார். மரியன்னையின் திருவுருவம் எங்கே என்று கேட்டார். தாங்கள் அப்போது துயரக் காலத்தின் பதினேழாம் நாளைக் கடைப்பிடிப்பதாகவும் தெரிவித்தார்கள். அவ்வாண்டு திருநீற்றுப் புதன் மார்ச்சு 1 அன்று வந்தது. கணக்கு ஒரு நாளும் பிசகவில்லை! பெயர் அறியாத எத்தனையோ நாள்காட்டிக் காவலர்களின் உழைப்புக்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

கதை இங்கே முடிந்திருந்தால் நமக்கு இனிமையாக இருக்கும். ஆனால் தடை இன்னும் நீங்கவில்லை. வெளிப்படையாக விசுவாசத்தை அறிக்கையிட்ட உராகாமி மக்கள் 1867இல் கைது செய்யப்பட்டனர். அடுத்த ஆண்டுகளில் ஏறத்தாழ 3,400 பேர் நாட்டின் பல பகுதிகளுக்கு நாடு கடத்தப்பட்டனர். 600க்கு மேற்பட்டோர் அங்கேயே மாண்டனர். 1873இல் தடைப் பலகைகள் அகற்றப்பட்ட பின் மற்றவர்கள் திரும்பினார்கள். தாங்கள் பட்ட அந்தத் துயரத்தை அவர்கள் 'பயணம்' என்றே அழைத்தார்கள். திருவுருவத்தை மிதிக்கச் செய்த ஊர்த்தலைவர் வீட்டு நிலத்தையே விலைக்கு வாங்கி, 1895இல் பெருங்கோயில் எழுப்பத் தொடங்கி, 1914இல் அர்ச்சித்தார்கள். 1945 ஆகஸ்டு 9 அன்று அக்கோயிலிலிருந்து சுமார் 500 மீட்டர் தொலைவில் அணுகுண்டு வெடித்தது. ஏறத்தாழ 12,000 பங்கு மக்களில் 8,500 பேர் வரை மாண்டனர். எஞ்சியவர்கள் இடிபாடுகளிலிருந்து மணி ஒன்றைத் தோண்டி எடுத்து, அவ்வாண்டுக் கிறிஸ்து பிறப்பு இரவில் ஒலித்தார்கள். 1959இல் கோயில் மீண்டும் எழுந்தது.

இறைவனை நம்பினால் துன்பம் தீரும் என்ற கணக்கை இவ்வரலாறு நமக்குத் தருவதில்லை. ஒரு துன்பம் நீங்கியதும் மற்றொன்று வந்தது. நம்பிக்கை என்பது துன்பத்துக்கு ஈடாக இறைவனிடம் பெறும் கூலியன்று. அவர் மௌனமாய் இருக்கும் போதும் அவருக்குரிய அன்றாடக் கடமையைக் கைவிடாதிருப்பதே நம்பிக்கை என்பதையே இது நமக்குக் காட்டுகிறது.

நம் இல்லங்களிலும் நெடுங்காலம் தீராத துயரங்கள் உண்டு. ஆண்டுக்கணக்கில் நோயுற்றவரைப் பேணும் தாய், கடன் சுமையில் உழலும் தந்தை, வழி தவறிய மகனுக்காக மன்றாடி ஓய்ந்த பெற்றோர் நம்மிடையே உள்ளனர். அவர்களிடம் பெரிய வீரத்தை யாரும் கேட்கவில்லை. இன்று மாலை குடும்பமாக ஒரு செபமாலை; தவறிய நாளில் மனம் வருந்தி ஒரு மன்றாட்டு; பிள்ளையின் நெற்றியில் ஒரு சிலுவை அடையாளம். உராகாமி மக்களிடம் இருந்தவையும் இவ்வளவே. கப்பல் நம் காலத்தில் வராமல் போகலாம். வரும் நாளில் கரையில் நிற்கப் போகும் பிள்ளைகளுக்கு, இன்று எத்தனையாம் நாள் என்பதையாவது நாம் பிசகாமல் சொல்லிச் செல்வோம்.