எஞ்சிய ஆய்வக மாதிரிகள்

நோயறியும் சோதனைக்காக எடுக்கப்பட்டு, சோதனை முடிந்தபின் மிஞ்சும் ரத்தம், சீரம், சிறுநீர், சளி, திசுத்துண்டு ஆகியவை எஞ்சிய ஆய்வக மாதிரிகள் எனப்படும். யாரையும் புதிதாக ஊசியால் குத்தாமல் இவற்றை மருத்துவ ஆராய்ச்சிக்குப் பயன்படுத்துவது பல நாடுகளில் நிலைத்த நடைமுறை. இந்தியாவில் எச்.ஐ.வி. பரவலை நெடுங்காலம் அளந்து காட்டியது கர்ப்பிணிகளின் எஞ்சிய ரத்தமே.

திண்டுக்கல்–பழனி சாலையில் உள்ள ரெட்டியார்சத்திரம் போன்ற ஊரக ஒன்றியங்களில் இத்தகைய மாதிரிகள் பெரிதும் கர்ப்பகாலப் பரிசோதனையில் கிடைக்கின்றன. பதிவுக்கு வரும் தாய்க்கு ஹீமோகுளோபின், ரத்த வகை, சர்க்கரை, மேகநோய், எச்.ஐ.வி. எனப் பல சோதனைகள் உண்டு. ஊதா மூடிக் குழாயில் இரண்டு மில்லி ரத்தம் எடுத்தால், அணுக்களை எண்ணும் கருவி அதில் 0.2 மில்லிகூட உறிஞ்சுவதில்லை. சிவப்பு மூடிக் குழாயில் ரத்தம் உறைந்தபின் சுழற்றினால், வைக்கோல் நிறத்தில் சீரம் மேலே தெளிந்து நிற்கும். மேகநோய்ச் சோதனைக்கு அதில் சில சொட்டுகள் போதும். மீதி ரத்தத்தை, 2016ஆம் ஆண்டு உயிர்மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, அந்த இடத்திலேயே கிருமிநீக்கம் செய்தாக வேண்டும். பிளாஸ்டிக் குழாய்கள் சிவப்புப் பைக்குப் போகும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், தமிழ்நாட்டில். 1998 முதல் தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு நாடு முழுவதும் கண்காணிப்பு மையங்கள் வழியாகக் கணக்கெடுத்தது. மேகநோய்ச் சோதனைக்கு எடுத்த ரத்தத்தில் எஞ்சியது தனிக்குழாய்க்கு மாற்றப்படும். பெயரும் பதிவெண்ணும் நீக்கப்படும். வயது, படிப்பு, தொழில் போன்ற சில விவரங்கள் மட்டும் உடன் செல்லும். ஒரு மையத்துக்கு 15 முதல் 49 வயதுக்குட்பட்ட 400 கர்ப்பிணிகள் என்பது கணக்கு. நான்கு தென் மாநிலங்களில் 15–24 வயதுக் கர்ப்பிணிகளிடையே எச்.ஐ.வி. 2000இல் 1.7 சதவீதமாக இருந்து 2004இல் 1.1 சதவீதமாகக் குறைந்ததை, இத்தரவுகளைக் கொண்டு 2006இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. மகாராஷ்டிரமும் அந்த நான்கில் சேர்த்தே எண்ணப்பட்டது. தடுப்புப் பணி பலன் தருகிறது என்பதற்கு அது வலுவான சான்று.

இம்முறையின் குறையும் இதே கணக்கில்தான் வெளிப்பட்டது. அரசு மருத்துவமனைக்கு வருபவர்களின் ரத்தம் ஊர் முழுவதற்கும் சாட்சி சொல்லாது. தனியாரிடம் செல்பவர்களும் மருத்துவமனைப் பக்கமே வராதவர்களும் விடுபடுகிறார்கள். வீடுவீடாக நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் ரத்தச் சோதனைகளையும், விரிவாக்கப்பட்ட கண்காணிப்பையும் சேர்த்துப் பார்த்தபின், இந்தியாவில் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் எண்ணிக்கை 50 லட்சத்துக்கும் மேல் என்ற பழைய மதிப்பீடு 2007இல் சுமார் 25 லட்சமாகத் திருத்தப்பட்டது.

பழைய திசுக்களின் பயன் இன்னும் நீளும். காங்கோவின் கின்ஷாசாவில் 1960இல் ஒரு பெண்ணிடம் எடுத்து மெழுகுக் கட்டியில் பதித்து வைத்த நிணநீர்க்கணுத் துண்டிலிருந்து எச்.ஐ.வி. மரபணுப் பகுதிகள் மீட்கப்பட்டு 2008இல் வெளியாயின. அந்த வைரஸ் மனிதரிடையே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பரவத் தொடங்கிவிட்டது என்ற கணிப்புக்கு அது துணைநின்றது.

ஒப்புதல்தான் இதில் கடினமான கேள்வி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள், மாதிரி அதைத் தந்தவருக்கே உரியது என்றும், நிறுவனம் அதன் காப்பாளர் மட்டுமே என்றும் கூறுகின்றன. அடையாளம் முற்றிலும் நீக்கப்பட்ட எஞ்சிய மாதிரிக்கு, நெறிமுறைக் குழு ஆராய்ந்து ஒப்புதலிலிருந்து விலக்கு அளிக்கலாம். ஆனால் பெயரை அழித்துவிட்டால், நோய் இருப்பது தெரிந்தாலும் அந்தத் தாயிடம் போய்ச் சொல்ல வழியில்லை. ஆலோசனையும் தனிப்பட்ட எச்.ஐ.வி. சோதனையும் சிகிச்சையும் அதே மருத்துவமனையில் கிடைக்கும்போதுதான் பெயரறியாச் சோதனைக்கு நியாயம் உண்டு. மருந்து அரிதாக இருந்த தொடக்க ஆண்டுகளில் இந்த நியாயம் பலவீனமாகவே இருந்தது. பலன் பெரிது என்பதற்காக இதை மறைக்கக் கூடாது.

எல்லாக் கேள்விக்கும் எஞ்சிய மாதிரி விடை தராது. சீரத்தில் நோயெதிர்ப்புப் பொருள்கள் குளிர்பதனத்தில் பல நாள் நிலைக்கும், வைரஸின் ஆர்.என்.ஏ. விரைவில் சிதையும், சர்க்கரை அளவோ சாதாரணக் குழாயில் சில மணி நேரத்திலேயே இறங்கிவிடும். ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி விளைவிக்கும் இந்த வட்டாரத்தில், பூச்சிமருந்து உடலில் ஏறியிருப்பதைக் காட்டும் கோலினெஸ்டரேஸ் நொதியை எஞ்சிய ரத்தத்தில் அளக்க முடியும். கர்ப்பிணிகளின் ரத்தசோகைக்கு இரும்புச்சத்துக் குறைவுதான் காரணமா, வேறு ஏதேனுமா என்றும் பிரித்தறியலாம். இரண்டும் இங்கே உழைக்கும் மக்களுக்கு நேரடியாகப் பயன்படும் ஆய்வுகள். அவற்றைத் தொடங்குவோர், மிஞ்சும் ரத்தம் ஆராய்ச்சிக்குப் போகலாம் என்பதையும், வேண்டாம் என்றால் மறுக்கலாம், மறுத்தாலும் சிகிச்சை குறையாது என்பதையும் தெளிவான தமிழில் எழுதி, ரத்தம் எடுக்கும் மேசைக்கு மேலேயே ஒட்டிவைக்க வேண்டும். படிக்கத் தெரியாதவருக்கு வாயாலும் சொல்ல வேண்டும்.