துரோகி: உள்ளே இருந்தவனுக்கான சொல்

எதிரியை மன்னித்தாலும் துரோகியை மன்னிக்காதே என்பார்கள். தேர்தல் நேரத்தில் நீலகிரியின் தேவர்சோலை டீக்கடைகளில் காதுகொடுத்தால் இதன் இலக்கணம் புரியும். எதிர்க்கட்சியிலேயே முடி நரைத்தவரை யாரும் அப்படித் திட்டுவதில்லை. நேற்றுவரை நம் கொடியைப் பிடித்தவர் இன்று அங்கே போய் நின்றால்தான் அந்தப் பேர்.

வடமொழியில் ‘த்ருஹ்’ என்றால் கேடு நினைத்தல். தமிழில் அது நம்பியவருக்கு நினைக்கும் கேடாகவே இறுகிவிட்டது. முதலாம் ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டு உடையார்குடிக் கல்வெட்டு, சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களைத் துரோகிகள் என்கிறது. அவர்களில் பரமேஸ்வரன் என்பவன் ‘இருமுடிச்சோழ பிரமாதிராஜன்’ என்று சோழப் பட்டமே சுமந்தவன். அவர்களுக்குப் பெண் கொடுத்த மாமனார், உடன்பிறந்தாளைக் கட்டியவர் என உறவெல்லாம் தேடி உடைமை பறித்தார்கள். கொலைக்குத் தண்டனை என்றால் கொன்றவனோடு நின்றிருக்கும்; துரோகத்துக்கு அப்படி எல்லை இல்லை. வள்ளுவரும் வேறு எந்த நன்மையை அழித்தவனுக்கும் வழி வைத்துவிட்டு, நன்றி கொன்றவனுக்கு மட்டும் கதவை அடைத்தார். அவனும் ஒருகாலத்தில் வாங்கித் தின்றவன்தானே.

தமிழ் வேதாகமக்காரர்கள் இந்தச் சூட்டை அறிந்தே எடுத்தார்களோ என்னவோ, கிரேக்க ‘அப்போஸ்தாசியா’வுக்கு ‘விசுவாச துரோகம்’ என்று வைத்தார்கள். பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், ‘கேட்டின் மகன்’ என்ற தொடரும் அதே வசனத்தில் வருகிறது.

அந்தக் கேட்டின் மகனைத் தனிச் சட்டமாகவே எழுதியவர்கள் அமெரிக்க மார்மன்கள். 1832 பிப்ரவரியில் அவர்களின் நிறுவனர் ஜோசப் ஸ்மித்தும் அவர் சகா சிட்னி ரிக்டனும் அறிவித்த தரிசனத்தில், பொய்யருக்கும் விபசாரிக்கும்கூடக் கடைசியில் ஒரு மகிமை உண்டு. பரிசுத்த ஆவியை அறிந்து பெற்றபின் மறுதலித்தவனுக்கு மட்டும் இல்லை. 1844 ஏப்ரலில் ஸ்மித் இன்னும் தெளிவாக்கினார்: சூரியனைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அது ஒளிரவில்லை என்பவன்தான் அந்தப் பாவி. ஆக, கேள்விப்படாதவனால் இந்தப் பாவத்தைச் செய்யவே முடியாது. ‘துரோகம்’ இங்கே கச்சிதமாகப் பொருந்துகிறது.

இதே நீலகிரியில் கணக்கு வேறு. படகர் சாவுச் சடங்கில் பெரியவர் ஒருவர் இறந்தவரின், முன்னோரின் பாவங்களை ஒவ்வொன்றாகச் சொல்வதை எட்கர் தர்ஸ்டன் 1909இல் பதிப்பித்தார். எல்லைக்கல்லை நகர்த்தியது, அண்ணன் தம்பிக்குள் சண்டை மூட்டியது, வழிப்போக்கனுக்குத் தப்பு வழி காட்டியது. எத்தனை பாவம் ஆனாலும் இறந்தவருக்காக அவிழ்த்துவிடும் கன்றோடு போகட்டும் என்று முடியும். எனக்கு இந்தக் கணக்கே பிடித்திருக்கிறது.

மார்மன்களும் ஏட்டில் எழுதிய அளவுக்கு நடைமுறையில் கறாராக இல்லை. மார்மன் நூலின் மூலம் எனப்படும் தங்கத் தகடுகளைக் கண்டதாகச் சாட்சி சொன்ன மூவரில் ஆலிவர் கவ்டரியும் டேவிட் விட்மரும் 1838 ஏப்ரலில் சபையிலிருந்து விலக்கப்பட்டார்கள். ஜூனில் ரிக்டன், சாரமற்ற உப்பை மிதித்துத் தள்ள வேண்டும் என்று பிரசங்கம் செய்து, விலகியவர்களை ஊரைவிட்டே விரட்டினார். அதே கவ்டரி 1848இல் மறுஞானஸ்நானம் பெற்றுத் திரும்பினார். விட்மர் திரும்பவே இல்லை. ஆனால் தகடுகளைக் கண்டது உண்மை என்று 1888இல் சாகும்வரை சொல்லிக்கொண்டுதான் இருந்தார். ஸ்மித்தின் சூரியக் கணக்குப்படி பார்த்தால் அவர் கேட்டின் மகன் ஆகமாட்டார்.