அகன்ற முனையும் குறி தவறும் கணையும்

கட்டையொன்றின் தலையில் வில்லைக் குறுக்காகப் பொருத்தி, நாணை இழுத்து மாட்டி, விசையைத் தட்டிக் கணையை எய்யும் கருவியே குறுக்குவில். அதனைக் கையாள்வோர் நெடுங்காலமாகக் கண்டுவரும் புதிர் ஒன்று உண்டு. சிறுமுனை பூட்டிய கணை குறியில் சென்று தைக்கும். அதே வில்லில், அதே கை, அகன்ற முனை பூட்டிய கணையை விடுத்தால் அது விலகிப் போகும். கை நடுங்கிற்றோ, கண் பிழைத்ததோ என எய்தவன் தன்னையே நொந்துகொள்வான். குற்றமோ பெரும்பாலும் கணையில் இருக்கும்.

இதன் காரணம் யாது? கணையின் பின்புறத்து இறகு காற்றைப் பற்றி, வாலைத் தலைக்கு நேரே நிறுத்துகிறது. அகன்ற முனையின் தட்டையான அலகுகளும் காற்றைப் பற்றவே செய்கின்றன. கணை சற்றே சாய்ந்து புறப்பட்டாலும், அவ்வலகுகள் சிறகுபோலாகித் தலையை அச்சாய்வின் பக்கமே இழுக்கும். பின்னிறகு திருத்துவதற்குள் முன்னலகு வென்றுவிட்டால் குறி தப்பும். குறுக்குவில்லின் கணை குட்டையானது. முனைக்கும் இறகுக்கும் இடைத்தொலைவு குறைவாதலின், இறகின் திருத்தும் வலிமையும் குறைவு. விரைவு மிகமிகச் சிறு சாய்வும் பெருங்குற்றமாகும்.

சீனத்துப் படைக்கலத் தொழிலாளர் முனையை அகலமாக்காமலே தங்கள் காரியத்தை முடித்தனர். கி.மு. 210இல் மறைந்த பேரரசர் சின் ஷி ஹுவாங்கின் கல்லறையருகே, 1974இல் சுடுமண் வீரர் படை வெளிப்பட்டது. அங்குக் கிடைத்த வெண்கல அம்பு முனைகள் ஏறத்தாழ 40,000. அவற்றுள் மிகப் பல மூன்று விளிம்புகள் கொண்ட ஒடுங்கிய முனைகள். நூறு நூறாகக் கட்டப்பட்ட அவை அளவில் ஒன்றையொன்று ஒத்திருக்கின்றன. ஒரு கணையைப் போலவே மறு கணையும் பறக்க வேண்டுமாயின், இரண்டும் ஒன்றுபோல் இருத்தல் வேண்டும் அன்றோ?

போருக்கு ஒடுங்கிய முனை போதும்; வேட்டைக்குப் போதாது. ஒடுங்கிய முனை விலங்கின் உடலில் சிறு துளையே இடும். அகன்ற அலகு குருதிக் குழாய்களை அறுத்து விரைவில் வீழ்த்தும். பிரான்சு நாட்டு ஃபுவா கோமகன் காஸ்தோன் ஃபேபுஸ், 1387இல் எழுதத் தொடங்கிய தம் வேட்டை நூலில், வில்லாலும் குறுக்குவில்லாலும் எய்யும் முறைகளைக் கூறுகிறார். காயமுற்ற மானை நாய்கொண்டு தேடும் முறையையும் கூறுகிறார். அகன்ற முனை குறி தவறினால் வேட்டைக்காரனுக்கு இழப்பு ஓர் உணவு. காட்டில் ஓடி ஒளியும் மானுக்கோ பல நாள் வேதனை.

இங்கிலாந்தில் ரோஜர் ஆஸ்க்கம் 1545இல் ‘டாக்சோபிலஸ்’ என்னும் வில்வித்தை நூலை வெளியிட்டு, எட்டாம் ஹென்றி மன்னருக்குப் படைத்தார். அந்நூல் கைவில்லைப் பற்றியது. ஆயினும் கணையின் இயல்பு இரு வில்லுக்கும் பொதுவே. தண்டு, இறகு, முனை என அம்பை மூன்று உறுப்பாகப் பகுத்து ஒவ்வொன்றையும் ஆராய்ந்த அவர், போருக்கு அகன்ற முனையைவிட ஒடுங்கிய முனையே சிறந்தது என்றார். இலேசான முனை விரைந்து செல்லும். சுழன்று பறக்கும் அம்பு துளைத்து நுழைதற்குத் தட்டையான அலகு தடையாகும் என்பது அவர் கருத்து. காற்றின் போக்கை அறிய, குதிரைமேல் செல்லுகையில் நிலத்துப் பனித்துகள் ஓடுவதைக் கூர்ந்து நோக்கியவர் அவர்.

இன்றும் குற்றம் காணும் வழி அத்தகையதே. முதலில் கணையை முனையில் ஊன்றிச் சுழற்றுக; தள்ளாடினால் முனை நேராகப் பொருந்தவில்லை, அல்லது தண்டு வளைந்துள்ளது. பிறகு கணைகளுக்கு எண்ணிட்டு ஒவ்வொன்றையும் பலமுறை எய்க. ஒரு கணை மட்டும் எப்போதும் விலகினால் குற்றம் அக்கணையினது. எல்லாம் ஓரிடத்தே கூடி, குறிக்கு அப்பால் தைத்தால், குறிகாட்டியை மாற்றினால் போதும். எல்லாம் சிதறினால், நாண் இருபுறமும் ஒத்த அளவில் இழுக்கப்படுகிறதா என்று பார்த்தல் வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றையே மாற்றுக. இரண்டை மாற்றினால் எது திருத்தியது என்பது விளங்காது.

ஆஸ்க்கம் பின்னாளில் இளவரசி எலிசபெத்துக்கு ஆசிரியரானார். அவர் மறைவுக்குப் பின் 1570இல் வெளிவந்த ‘பள்ளி ஆசிரியர்’ என்னும் அவரது நூல், பிழை செய்யும் சிறுவனை அடிப்பதைக் கண்டித்து, அன்பால் திருத்தச் சொல்கிறது. குறி தவறிய அம்பைத் தண்டு, இறகு, முனை எனப் பிரித்துப் பார்த்து, காற்றையும் உடன் நோக்கியவர், பாடம் தவறிய மாணவன்மேல் பிரம்பை ஓங்கச் சொல்லாததில் வியப்பில்லை.