அணுகுண்டு சோதனையைக் கண்டுபிடிக்க வைத்த கருவி... மாயமான நீர்மூழ்கி கப்பலுக்கு துப்பு கொடுத்தது எப்படி?

2017 நவம்பர் 15. அர்ஜென்டினா கடற்படையின் 'சான் ஹுவான்' நீர்மூழ்கி கப்பல் 44 பேருடன் தெற்கு அட்லாண்டிக் கடலில் மாயமானது. பல நாட்டு கப்பல்களும் விமானங்களும் தேடின. முக்கியமான துப்பு கிடைத்ததோ, மீட்புப் பணிக்கு சம்பந்தமே இல்லாத ஓர் அமைப்பிடம் இருந்து. உலகில் எங்கே அணுகுண்டு வெடித்தாலும் கண்டுபிடிக்கும் கண்காணிப்பு அமைப்பு அது.

எதற்காக இந்த அமைப்பு?

அணுகுண்டு சோதனைகளை முழுமையாகத் தடை செய்யும் சிடிபிடி ஒப்பந்தம் 1996-ல் கையெழுத்துக்கு வந்தது. சரி, ஒரு நாடு ரகசியமாக சோதனை நடத்தினால் எப்படித் தெரியும்? அதற்காகவே உலகம் முழுக்க 321 நிலையங்கள், 16 ஆய்வகங்கள் திட்டமிடப்பட்டன. பெரும்பாலானவை இப்போது இயங்குகின்றன. தரவுகள் ஆஸ்திரியாவின் வியன்னாவுக்குப் போகின்றன.

எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

* நில அதிர்வு (170 நிலையங்கள்): பூமிக்கு அடியில் பரவும் அதிர்வைப் பதிவு செய்யும்.
* கடல் ஒலி (11): நீருக்குள் ஒலி பல ஆயிரம் கி.மீ. பயணிக்கும். அதனால் 11 நிலையங்களே போதும்.
* தாழ் ஒலி (60): மனிதக் காதுக்கு கேட்காத ஒலியைக் காற்றில் பிடிக்கும்.
* கதிரியக்கம் (80): காற்றில் கலந்த கதிரியக்கத் துகள்களைத் தேடும். இதில் பாதி நிலையங்களில் செனான் போன்ற வாயுக்களையும் கண்டறியும் திட்டம் உண்டு.

நிலநடுக்கமா, குண்டா?

நிலநடுக்கத்தில் பாறைகள் ஒன்றோடொன்று உரசி நழுவும். குண்டு வெடித்தால் எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் தள்ளும். இரண்டும் எழுப்பும் அலைகள் வேறு வேறு. வட கொரியா 2006 முதல் 2017 வரை நடத்திய 6 சோதனைகளும் இப்படித்தான் சிக்கின. 2013 சோதனையின்போது, 55 நாட்கள் கழித்து ஜப்பானின் தகாசாகி நிலையத்தில் கதிரியக்க செனான் வாயு பதிவானது.

நீர்மூழ்கிக்கு என்ன ஆனது?

கப்பல் மாயமான அன்று, அசென்ஷன், குரோசே தீவுகளுக்கு அருகே உள்ள கடல் ஒலி நிலையங்கள் ஒரு விநோத சத்தத்தைப் பதிவு செய்திருந்தன. அது எங்கிருந்து வந்தது எனக் கணக்கிட்டார்கள். கணக்கு சரிதானா என்று பார்க்க, அர்ஜென்டினா கடற்படை டிசம்பர் 1-ல் கடலில் ஒரு வெடியைப் போட்டது. அதுவும் கருவிகளில் பதிவானது. 2018 நவம்பரில் 907 மீட்டர் ஆழத்தில் கப்பல் கிடைத்தது. 44 பேரில் ஒருவர் கூட உயிர் பிழைக்கவில்லை. உறவுகளின் ஓராண்டு காத்திருப்புக்கு ஒரு விடை மட்டும் கிடைத்தது.

வேறு என்ன பயன்?

தமிழகத்தையும் இலங்கையையும் புரட்டிப்போட்ட 2004 சுனாமிக்குப் பிறகு, இந்தத் தரவுகள் சுனாமி எச்சரிக்கை மையங்களுடன் பகிரப்படுகின்றன. 2011 ஃபுகுஷிமா விபத்தில் கதிரியக்கம் எங்கெல்லாம் பரவியது என்று பார்க்கவும் இவை உதவின. இந்தியப் பெருங்கடலில் அதுவரை அறியப்படாத குட்டை நீலத் திமிங்கிலக் கூட்டம் ஒன்று இருப்பதாக 2021-ல் விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். அவர்களுக்கு அடையாளம் காட்டியது இந்தக் கருவிகளில் பதிவான பாட்டுதான்.

ஒப்பந்தம் என்ன நிலையில் இருக்கிறது?

இன்னும் அமலுக்கே வரவில்லை. குறிப்பிட்ட 44 நாடுகளும் ஏற்க வேண்டும் என்பது நிபந்தனை. இந்தியா, பாகிஸ்தான், வட கொரியா கையெழுத்தே போடவில்லை. அமெரிக்காவும் சீனாவும் கையெழுத்திட்டும் உறுதி செய்யவில்லை. ரஷ்யா தன் ஒப்புதலை 2023-ல் திரும்பப் பெற்றது.

அதனால், எங்காவது குண்டு வெடித்தால் கருவிகள் சொல்லிவிடும். ஆனால், அந்த இடத்துக்கே நேரில் போய் சோதிக்கும் அதிகாரம், ஒப்பந்தம் அமலுக்கு வரும்வரை யாருக்கும் கிடையாது.