பாம்பன் பாலமும் பாழ்பட்ட பாதையும்

ஊரை வளர்ப்பது வழி. அவ்வழி அழிந்தால் ஊர் என்னவாகும் என்பதை அறிய விரும்புவோர் இராமேசுவரத் தீவின் தென்கிழக்கு முனையாகிய தனுஷ்கோடிக்குச் சென்று காண்பாராக. நாமும் அண்மையில் அங்குச் சென்று, மணலில் நடந்து, புகைவண்டி நிலையத்தின் இடிந்த சுவர்களையும், பவழக்கல்லால் எழுப்பிய மாதா கோயிலின் கூரையற்ற நிலையையும் கண்டு, கலங்கிய மனத்தினராய் மீண்டோம்.

தென்னிந்திய ரயில்வேக் கம்பெனி இருந்த காலத்தில், இலங்கைக்குக் கடல்மீதே பாலம் அமைக்கும் யோசனை ஒன்று எழுந்தது. செலவு மிகுதியால் அது கைவிடப்பட்டது. அதற்கு ஈடாகப் பாம்பன் நீரிணைமீது இருப்புப்பாலமும், தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு நீராவிக் கப்பலும் ஏற்பட்டன. ஒன்றேகால் மைலுக்கு மேற்பட்ட அப்பாலம் 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் திறக்கப்பெற்றது. அதன் நடுவே, இரும்புச் சட்டங்களைப் பின்னிச் சமைத்த இரு சிறகுகள் இருந்தன. கப்பல் வருங்கால் ஆட்கள் கையால் பொறியைச் சுழற்றுவர்; சிறகுகள் பின்னோக்கி உருண்டு மேலெழுந்து வழிவிடும். தேயிலைத் தோட்டத்திற்குக் கூலியாய்ச் சென்றோரும், கொழும்பில் கடை வைத்த வணிகரும் இப்பாலத்தைக் கடந்தே சென்றனர்.

நிற்க. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் இரவு பெரும்புயல் எழுந்தது. தனுஷ்கோடியை நோக்கிச் சென்ற வண்டி, ஏறியிருந்தோர் அனைவருடனும் கடலுக்கு இரையாயிற்று. பாலத்தின் உத்தரங்களுள் மிகப் பலவற்றை அலை அடித்துச் சென்றது. நடுவிலிருந்த சிறகுகள் மட்டும் தப்பின. ஆயினும் பொறியியலாளர் ஈ. ஸ்ரீதரன் தலைமையில் உழைத்தோர், கடலடியில் கிடந்த உத்தரங்களைத் தேடி எடுத்து, 46 நாட்களில் பாலத்தை மீட்டனர். தனுஷ்கோடிப் பாதையோ மீட்கப்படவில்லை. ஊர் வாழத் தகாததென்று அரசாங்கத்தார் அறிவித்தனர்; இலங்கைக் கப்பலும் பின்னர் இராமேசுவரத்திலிருந்தே செல்லலாயிற்று. தண்டவாளம் மணலுள் புதைந்தது. மீனவர் சிலரே அவ்விடத்தை விடாது பற்றி நின்றனர். அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டது 2017ஆம் ஆண்டிலேயாம்.

அன்பர்களே, இங்கு ஒன்று சிந்திக்கத்தக்கது. இரண்டையும் தாக்கிய புயல் ஒன்றே. பாலம் பிழைத்ததும் பாதை மடிந்ததும் எதனால்? வேண்டும் என்று மனிதர் கருதியது பிழைத்தது; வேண்டா என்று விட்டது மடிந்தது. உப்புக்காற்று இரும்பை ஓயாது அரிக்கும் அவ்விடத்தில், துருவைச் சுரண்டி வர்ணம் பூசியவர் கைகளே பாலத்தை 108 ஆண்டுகள் நிறுத்தின. அவர்கள் பெயரை எக்கல்வெட்டும் கூறுவதை நாம் கண்டிலோம்.

அப்பாலத்தில் 2022ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தோடு வண்டிப் போக்குவரத்து நின்றது. புதிய பாலம் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பெற்றது. பழையது கழிவதும் புதியது புகுவதும் இயல்பே. அதற்கு நாம் வருந்துவதில்லை. ஆனால் இரும்போடு நினைவும் துருப்பிடித்து அழிய விடலாமோ? தனுஷ்கோடிக் கப்பலேறிய முதியோர் இன்னும் சில இல்லங்களில் உள்ளனர். அவர்தம் வாய்மொழியைக் கேட்டு எழுதி வைப்பீர்களாக. பெட்டியில் கிடக்கும் பழைய கடிதத்தையும் பயணச் சீட்டையும் பேணுவீர்களாக. பாலத்தைக் காக்க நம்மால் இயலாது. அதைக் கடந்தோர் கதையைக் காத்தல் நம் ஒவ்வொருவர்க்கும் இயலும்.