வைஃபை இருக்கிறது, ஆனால் இணையம் இல்லையா? மாணவர்களுக்குக் கணினி வலையமைப்பின் அடிப்படைகள்

2020 மார்ச் 18-ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியதும் வகுப்பறை கைப்பேசித் திரைக்கு மாறியது. லைன் சரியாக எட்டாத தோட்டங்களில் பிள்ளைகள் மேட்டைத் தேடிப் போனார்கள். இணையம் எந்த வழியாக வீட்டுக்கு வருகிறது என்பதை அறிந்த மாணவருக்கு, அது எங்கே தடைபடுகிறது என்பதும் புரியும்.

வலையமைப்பு என்றால் என்ன?

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கணினிகள் தகவல் பரிமாறிக்கொள்ள இணைக்கப்பட்டால் அது வலையமைப்பு. பள்ளிக் கணினிக்கூடத்துக் கணினிகள் எல்லாம் ஒரே அச்சுப்பொறியைப் பயன்படுத்துவது ‘லேன்’ எனப்படும் சிறிய வலையமைப்பால்தான். ஊர்களையும் நாடுகளையும் இணைக்கும் பெரியது ‘வேன்’. இத்தகைய எண்ணற்ற வலையமைப்புகள் ஒன்றுசேர்ந்ததே இணையம்.

இதன் முன்னோடியான ‘அர்பாநெட்’ வழியாக முதல் செய்தி 1969 அக்டோபர் 29-ஆம் தேதி அமெரிக்காவில் அனுப்பப்பட்டது. ‘லாகின்’ என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்துகள் போனதுமே கணினி முடங்கிவிட்டது. மலேசியாவில் 1990-களின் தொடக்கத்தில் மிமோஸ் நிறுவனத்தின் ‘ஜாரிங்’ இணையச் சேவைக்கு வழி திறந்தது.

தகவல் எப்படிப் பயணம் செய்கிறது?

ஒரு படத்தை அனுப்பினால் அது முழுதாகப் போவதில்லை. சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்கிறது. ஒரு பொட்டலம் பொதுவாக 1,500 பைட்டுக்கு மேல் போகாது. எனவே 3 மெகாபைட் படம் ஏறக்குறைய 2,000 பொட்டலங்களாகும். அவை வெவ்வேறு வழியில் சென்றாலும், சேருமிடத்தில் வரிசைப்படுத்தப்படும். வழியில் தொலைந்தது மீண்டும் அனுப்பப்படும். இதற்கான பொது விதிமுறையே ‘டிசிபி/ஐபி’. அர்பாநெட் 1983 ஜனவரி 1-இல் இதற்கு மாறியது.

ஒவ்வொரு பொட்டலத்திலும் அனுப்புநர், பெறுநர் முகவரிகள் இருக்கும். அதுவே ஐபி முகவரி. பழைய ஐபிவி4 முறையில் சுமார் 430 கோடி முகவரிகளே உண்டு. அது போதாததால் ஐபிவி6 வந்தது. எண்களை நினைவில் வைப்பது கடினம் என்பதால், இணையத்தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் ‘டிஎன்எஸ்’ தொலைபேசிப் புத்தகம் போலச் செயல்படுகிறது.

எங்கே கோளாறு?

• ஒரு கைப்பேசியில் மட்டும் இணையம் இல்லையென்றால், கோளாறு பெரும்பாலும் அந்தக் கைப்பேசியில்தான்.

• அறைக்குள் மட்டும் வேகம் குறைந்தால், சுவரும் தூரமும் காரணமாகலாம். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் அதிக தூரம் எட்டாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் மெதுவானது, ஆனால் தூரம் எட்டும்.

• வைஃபை சின்னம் நிறைந்திருந்தும் எதுவும் திறக்கவில்லையா? வைஃபை என்பது கைப்பேசிக்கும் ரூட்டருக்கும் இடையிலான இணைப்பு மட்டுமே. ஃபைபர் மோடத்தில் ‘எல்ஓஎஸ்’ விளக்கு சிவப்பாக எரிந்தால் வெளிக் கம்பியிலிருந்து ஒளி வரவில்லை என்று பொருள். சேவை நிறுவனத்திடம் இதைக் குறிப்பிட்டே புகார் செய்யலாம்.

• கைப்பேசி லைனை நம்பியிருக்கும் வீட்டில், இரவில் வேகம் குறைவது பலர் ஒரே கோபுரத்தைப் பகிர்வதால் இருக்கலாம். பெரிய பாடக் கோப்புகளை அதிகாலையில் பதிவிறக்கிக் கொள்வது நல்லது.

“லைன் இல்லை” என்று மட்டும் சொல்வதைவிட, எந்த இடத்தில் இல்லை என்று சொல்லத் தெரிந்தால் பழுது விரைவில் தீரும்.