மாண்டவர் பெயரால் பேசுவது யார்? – கிராஃபர்ட், 2005

2005 ஆகஸ்ட் 6 அன்று, டெக்சாஸ் மாநிலத்தின் கிராஃபர்ட் என்னும் சிற்றூரில், அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷின் பண்ணை வீட்டுக்குச் செல்லும் சாலையோரத்தில் சிண்டி ஷீஹன் முகாமிட்டார். அவருடைய மூத்த மகன் கேசி, 2004 ஏப்ரல் 4 அன்று பாக்தாதின் சத்ர் நகரில் கொல்லப்பட்ட படைவீரர், வயது 24. அதிபரோ, அந்த ஆகஸ்டின் தொடக்கத்தில், ஈராக்கில் இறந்த வீரர்கள் உன்னத நோக்கத்திற்காக உயிர்நீத்தனர் என்று பேசியிருந்தார். அது எந்த உன்னத நோக்கம் என்பதை அவரிடமே நேரில் கேட்க வேண்டும் என்பது ஷீஹனின் கோரிக்கை.

அதிபரின் தொடர் அந்த நோக்கத்தை நிறுவவில்லை. இருப்பதாகவே கொண்டு பேசியது. அதை மறுப்பவர், மாண்டவரை இழிவுபடுத்துபவராகத் தோன்றுவார். ஷீஹன் அந்த நோக்கத்தின் பெயரைக் கேட்டதனால் விடையளிக்கும் கடமை அதிபரைச் சேர்ந்தது.

துயருறும் தாய்க்கு அமெரிக்கப் பொதுவாழ்வில் தனியிடம் உண்டு. முதல் உலகப் போரில் பிள்ளையை இழந்த வீட்டின் அடையாளம், கொடியில் பொறித்த பொன் நட்சத்திரம். அத்தாய்மாரின் சங்கம் 1928இல் தோன்றியது. 1930 முதல் 1933 வரை 6,000க்கும் மேற்பட்ட தாய்மாரையும் மனைவியரையும் ஐரோப்பியக் கல்லறைகளுக்கு அரசே தன் செலவில் அழைத்துச் சென்றது. கறுப்பினப் பெண்களை மட்டும் தனிக்கப்பல்களில் அனுப்பியது. தாயின் துயரைப் போற்றிய அரசு, அதன் எல்லையையும் தானே வகுத்தது.

ஷீஹன் அந்த எல்லையைக் கடந்ததும் பூசல் எழுந்தது. 2004 ஜூனில் பிற குடும்பங்களுடன் அதிபரைச் சந்தித்தபோது அவர் கனிவாகவே பேசினார், இப்போது மாற்றிப் பேசுகிறார் என்றனர் எதிர்ப்பாளர். பிள்ளையைப் புதைத்தவரின் அறத்தகுதி முழுமையானது என்றனர் ஆதரவாளர். இரு தரப்பும் கேட்டவரின் தகுதியையே அளந்தன. கேள்வி அப்படியே நின்றது.

முழுமையான தகுதி என்னும் வாதத்தின் குறையைக் கிராஃபர்டின் சாலையோரமே காட்டியது. அங்கே மாண்ட வீரர்களின் பெயர்களோடு வெண்சிலுவைகள் நடப்பட்டிருந்தன. ஓர் இரவு ஒருவர் அவற்றின்மீது வண்டியை ஏற்றினார். அது வெறுப்பின் செயல். ஆனால் தம் மகனின் பெயர் அங்கே இருக்கலாகாது என்று அதை அகற்றிய பெற்றோரும் இருந்தனர். அவர்களும் பிள்ளையைப் புதைத்தவர்களே, போரை நம்பியவர்கள். அவர்களின் இழப்பு ஷீஹனின் இழப்பிற்குக் குறைந்ததன்று. கேசியும் தாமே விரும்பிப் படையில் சேர்ந்தவர். அவர் எந்தப் பக்கம் பேசியிருப்பார் என்பதைத் தாய் உட்பட எவரும் அறுதியிட்டுச் சொல்ல இயலாது.

எனினும் ஷீஹனின் கேள்விக்கு மகனின் சான்று தேவையில்லை. போருக்கு ஆள் அனுப்பும் அரசிடம் காரணம் கேட்பது எந்தக் குடிமகளுக்கும் உரியது. தாய் என்பதால் அவர் குரல் ஊரெங்கும் கேட்டது. அதே காரணத்தால் அக்குரல் வெறும் அழுகையாகவும் குறுக்கப்பட்டது.

2007 மே மாதம், ஜனநாயகக் கட்சியின் பெரும்பான்மை கொண்ட நாடாளுமன்றமும் போருக்கு நிதி ஒதுக்கியது. அக்கட்சியையும் சாடிய ஷீஹன், முன்பு போற்றியவர்களே தம்மைத் தூற்றியதைக் கண்டு, அம்மாத இறுதியில், போரில் மாண்டோர் நினைவுநாளன்று, இயக்கத்தின் முகமாக இருப்பதிலிருந்து விலகினார். அதிபர் புஷ் அவரை இரண்டாம் முறை சந்திக்கவேயில்லை.